ஹார்ட்ஸ்-அ-பஸ்டின்: மரநிழல் கொல்லைக்கு ஏற்ற புதர்ச்செடி, நடுவது முதல் காய்ப்பது வரை

அமெரிக்காவின் கிழக்கு, தென்கிழக்கு மாநிலங்களில் வீடு வாங்கியவர்கள் பலருக்கும் கொல்லைப்புறத்தில் ஒரே தலைவலிதான். ஓக், மேப்பிள், ட்யூலிப் பாப்ளர் என்று உயர்ந்த மரங்கள் நிற்கும், அடியில் புல் பிடிக்காது. வருடாவருடம் விதை தூவி, உரம் போட்டு, தண்ணீர் ஊற்றியும் ஜூலைக்குள் அந்த இடம் மொட்டையாகிவிடும். அதே நிழலில் காலங்காலமாக வளர்ந்துவரும் புதர்ச்செடி ஒன்று அந்தக் காடுகளிலேயே இருக்கிறது. தாவரவியல் பெயர் யுயோனிமஸ் அமெரிக்கானஸ். ஊர்மக்கள் ஹார்ட்ஸ்-அ-பஸ்டின் என்றும் ஸ்ட்ராபெரி புஷ் என்றும் சொல்வார்கள். நியூயார்க்கின் தெற்குப் பகுதியில் தொடங்கி ஃப்ளோரிடா வரைக்கும், மேற்கே கிழக்கு டெக்சஸ் வரைக்கும் ஈரமான காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் இது இயல்பாக வளர்கிறது.

வளர்க்கக் கஷ்டமான செடி இல்லை. சரியான செடியைப் பார்த்து வாங்குவதும், மானிடமிருந்து காப்பதும்தான் முக்கால்வாசி வேலை. அதனால் இந்தக் கட்டுரையிலும் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

வருடம் முழுக்க எப்படி இருக்கும்

நாலு முதல் ஆறு அடி உயரம் வளரும். அடர்த்தியான புதர் என்று எதிர்பார்க்கக் கூடாது. தண்டுகள் மெல்லியவை, தளர்வாக வளைந்து நிற்கும். தண்டின் நிறம் பச்சை. விரலால் உருட்டிப் பார்த்தால் நாலு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும், காம்பு இருப்பதே தெரியாது, இரண்டு மூன்று அங்குல நீளம்.

மே, ஜூன் மாதங்களில் பூக்கும். அரை அங்குலம்கூட இல்லாத, ஐந்து இதழ் கொண்ட, பச்சையும் மஞ்சளும் கலந்த பூ. சில பூக்களில் லேசான ஊதாச் சாயலும் இருக்கும். மெல்லிய காம்பில் இலைமேல் படுத்ததுபோல் இருப்பதால் பலருக்கு இது பூத்ததே தெரியாமல் போய்விடும்.

காய்தான் இந்தச் செடியின் அழகு. ஜூலையில் பச்சையாக, மேலெல்லாம் மருக்களோடு, லிச்சிப் பழத்தின் தோல்போலச் சொரசொரவென்று இருக்கும். ஆகஸ்ட் முடியும்போது இளஞ்சிவப்பாகி, செப்டம்பரில் அடர்சிவப்பாகும். பிறகு மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிளந்து, மடல்கள் பின்னால் வளைந்துகொள்ளும். உள்ளிருந்து ஆரஞ்சு கலந்த செந்நிற விதைகள் வெளியே வந்து தொங்கும். முக்கால் அங்குலக் காயில் அடர் ரோஜாவும் ஆரஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் வருவதை ஓரடி தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். அக்டோபரில் இலையும் நிறம் மாறும். வெயில் கொஞ்சம் படும் இடத்தில் ஆரஞ்சு, சிவப்பு. ஆழ்ந்த நிழலில் வெளிறிய மஞ்சளோடு லேசான ரோஜா. இலை உதிர்ந்த பிறகும் பச்சைத் தண்டுகள் குளிர்காலம் முழுக்கக் கண்ணில் படும்.

தமிழ்நாட்டு மலைக்காடுகளில் வாலுளுவைக் கொடியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காயின் அமைப்பு புதிதாக இருக்காது. வாலுளுவைக் காயும் மஞ்சளாகப் பழுத்து, மூன்றாகப் பிளந்து, செந்நிறச் சதை போர்த்திய விதைகளைக் காட்டும். இரண்டும் செலாஸ்ட்ரேசி என்ற ஒரே தாவரக் குடும்பம். ஆனால் வாலுளுவை அரிசி நாட்டு மருந்துக் கடையில் விற்கிறதே என்று இந்த விதையை யாரும் வாயில் வைக்க வேண்டாம்.

முதலில் எச்சரிக்கை

இதன் காயும் விதையும் மனிதர்களுக்கு நச்சு. தின்றால் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வரும். ஸ்ட்ராபெரி புஷ் என்ற பெயரும் மிட்டாய் போன்ற நிறமும் சேர்ந்து சின்னப் பிள்ளைகளை இழுக்கும். கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதில் குழந்தை இருந்தால், குழந்தை விளையாடும் பக்கத்தில் இதை நட வேண்டாம். கொல்லையின் கடைசியில், வேலி ஓரமாக நடலாம். வீட்டில் நாய் இருந்தாலும் அப்படியே. யாராவது தின்றுவிட்டால் அமெரிக்காவில் எங்கிருந்தும் 1-800-222-1222 என்ற விஷமுறிவு உதவி எண்ணை உடனே அழைக்கலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். ஆள் மயங்கினாலோ மூச்சுவிடத் திணறினாலோ 911.

பறவைகளுக்கு இந்த விதையால் ஒன்றும் ஆகாது. காட்டு வான்கோழி, ப்ளூபேர்ட், மாக்கிங்பேர்ட் எல்லாம் சதைக்காகத் தின்று, விதையை வேறிடத்தில் போட்டுவிட்டுப் போகும்.

உங்கள் ஊருக்கு ஒத்துவருமா

யு.எஸ்.டி.ஏ. என்ற அமெரிக்க வேளாண் துறை குளிர்காலக் குளிரை வைத்துப் பிரித்த மண்டலங்களில் 6 முதல் 9 வரை தாராளமாக வளரும். உங்கள் ஜிப் கோடைக் கொடுத்தால் அந்தத் துறையின் வரைபடமே மண்டலத்தைக் காட்டிவிடும். நியூ ஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா, கரோலைனாக்கள், ஜார்ஜியா, டென்னசி என்றால் யோசிக்க வேண்டியதில்லை. டெக்சஸில் ஹூஸ்டனுக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பைன் காட்டுப் பகுதி சரி. டாலஸின் கார மண்ணுக்கும் காய்ச்சும் வெயிலுக்கும் இது பொருந்தாது. கலிஃபோர்னியா இதன் ஊரே இல்லை. அங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி இதை உயிரோடு வைத்திருப்பதைவிட அந்த மண்ணுக்குரிய செடியைத் தேடுவது மேல்.

மிச்சிகன், ஒஹாயோ, இல்லினாய் பக்கம் இருப்பவர்களுக்கு இதன் உறவுச் செடிகள் இரண்டு உண்டு. யுயோனிமஸ் ஒபோவாட்டஸ் ஓரடிக்கு மேல் எழும்பாமல் தரையோடு படர்வது, காய் இதேபோல் மருக்களோடு இருக்கும். யுயோனிமஸ் அட்ரோபர்பூரியஸ், அதாவது ஈஸ்டர்ன் வாஹூ, பத்து அடியையும் தாண்டிச் சிறு மரம்போல் வளரும். இந்தக் கட்டுரையில் சொல்லும் நடவும் காவலும் இரண்டுக்கும் பொருந்தும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

பெரிய கடைகளின் தோட்டப் பிரிவில் யுயோனிமஸ் என்று எழுதி விற்பது பெரும்பாலும் இந்தச் செடியாக இருக்காது. பர்னிங் புஷ் என்ற யுயோனிமஸ் அலாட்டஸ், அல்லது வின்டர்க்ரீப்பர் என்ற யுயோனிமஸ் ஃபார்ச்சுனை, அல்லது ஜப்பானிய யுயோனிமஸ். மூன்றும் ஆசியாவிலிருந்து வந்தவை. முதல் இரண்டும் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் பரவி, அங்கே இருக்கும் செடிகளை நெருக்கிவிடுகின்றன. பர்னிங் புஷ் விற்பனையை மாசசூசெட்ஸும் நியூ ஹாம்ப்ஷயரும் தடை செய்திருக்கின்றன. இலையுதிர்காலச் சிவப்புக்காகவே அதை நடுகிறவர்கள் அதிகம். அந்த இடத்தில் ஹார்ட்ஸ்-அ-பஸ்டின் நட்டால் இலையின் சிவப்பு அவ்வளவு அடர்த்தியாக வராது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காயில் பர்னிங் புஷ் இதன் பக்கத்தில்கூட வராது.

பிரித்தறிவது சுலபம். பர்னிங் புஷ் தண்டில் தக்கை போன்ற பழுப்புச் சிறகுகள் நீளவாக்கில் ஓடும், காய் சின்னது, வழவழப்பானது. ஈஸ்டர்ன் வாஹூவின் பூ நாலு இதழ் கொண்டது, கருஞ்சிவப்பு, காயும் வழவழப்பு, இலைக்குக் காம்பு தெளிவாகத் தெரியும். உங்களுக்கு வேண்டியது சிறகில்லாத பச்சைத் தண்டு, காம்பில்லாத எதிரிலை, மருக்காய். குளிர்காலத்தில் காட்டில் பார்க்கும்போது புளூபெரி செடிக்கும் பச்சைத் தண்டு இருப்பதால் குழப்பம் வரும். மொட்டுகளைப் பாருங்கள். புளூபெரியில் மாறி மாறி இருக்கும், இதில் ஜோடியாக இருக்கும்.

நேட்டிவ் செடிகளுக்கென்றே, அதாவது அந்த மண்ணுக்கே உரிய செடிகளுக்கென்றே, இருக்கும் நர்சரிகளிலும், தாவரவியல் தோட்டங்கள் நடத்தும் விற்பனைகளிலும் கேளுங்கள். நார்த் கரோலைனாவில் இருப்பவர்களுக்கு சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலைனா பொட்டானிக்கல் கார்டன் நல்ல தொடக்கம். ஒரு காலன் தொட்டியில் உள்ள சின்னச் செடியே போதும். பெரிய தொட்டியில் இருப்பது சீக்கிரம் காய்க்கும், ஆனால் வேர் பிடிக்கும்வரை தண்ணீருக்குத் தவித்துக்கொண்டே இருக்கும். லேபிளில் தாவரவியல் பெயர் முழுதாக இருக்கிறதா பாருங்கள். வெறும் யுயோனிமஸ் என்று மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம். காட்டிலிருந்து பிடுங்கி வரவும் கூடாது. தேசியப் பூங்காக்களில் அது சட்டப்படி குற்றம், மற்ற இடங்களிலும் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். அதோடு பிடுங்கிய செடி பாதி வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு வரும்.

எத்தனை செடி? ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால் ஆண் செடி, பெண் செடி என்று தேட வேண்டியதில்லை. இருந்தாலும் ஒற்றைச் செடி இந்தத் தளர்ந்த வடிவத்தில் சோகையாகத் தெரியும். மூன்று செடிகளை நாலடி இடைவெளியில் முக்கோணமாக நட்டால் புதராகக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

இடமும் மண்ணும்

காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு நிழல்: இதுதான் மிகப் பொருத்தமான இடம். ஆழ்ந்த நிழலிலும் உயிரோடு இருக்கும், காய் குறையும். நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் மண் எப்போதும் ஈரமாக இருந்தால் தாங்கும். இல்லாவிட்டால் ஜூலையில் இலை ஓரம் கருகும். இன்னொன்றையும் யோசியுங்கள்: இது தூரத்திலிருந்து பார்க்கும் செடி இல்லை. நடைபாதை ஓரம், சமையலறை ஜன்னலுக்கு வெளியே, டெக் படிக்கட்டுப் பக்கம் என்று கண்ணுக்கு அருகே வரும் இடமாகப் பாருங்கள்.

மண் இலேசான அமிலத்தன்மையோடு, ஈரம் தங்கினாலும் நீர் தேங்காமல் இருக்க வேண்டும். உங்கள் கவுன்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில், அதாவது உள்ளூர் வேளாண் ஆலோசனை அலுவலகத்தில், மண் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள். பி.எச். 5.5 முதல் 6.8 வரை இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். கரோலைனா, ஜார்ஜியாவின் சிவப்புக் களிமண் இதற்குப் பழகிய மண்தான், பயப்பட வேண்டியதில்லை. நீர் வடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஓரடி ஆழக் குழி தோண்டி, ஒருமுறை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம்.

நடவு

கரோலைனாவிலும் அதற்குத் தெற்கிலும் அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் கடைசி வரை நடுவது நல்லது. மேலே இலை இல்லாவிட்டாலும் மண்ணில் சூடு இருப்பதால் வேர் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த கோடையை எதிர்கொள்ளத் தயாராகிவிடும். மண்டலம் 6-ல் ஏப்ரல் நல்லது. ஜூன், ஜூலையில் நட்டால் தினமும் தண்ணீர்க் குழாயோடு நிற்க வேண்டியிருக்கும்.

மண்வெட்டியை எடுக்கும் முன் 811-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது. சில வேலை நாட்களுக்குள் வந்து கேஸ், மின்சாரம், கேபிள் போகும் தடங்களைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுப் போவார்கள். நீங்கள் சொந்தமாகப் போட்ட ஸ்ப்ரிங்க்ளர் குழாயை அவர்கள் குறிக்க மாட்டார்கள், அதை நீங்கள்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

குழியின் அகலம் தொட்டியைப்போல இரண்டு மடங்கு, ஆழம் தொட்டி மண்ணின் உயரத்தைவிட அரை அங்குலம் குறைவாக. ஆழமாகத் தோண்டி மறுபடி மண் போட்டு நிரப்பினால் அந்த மண் பிறகு அமுங்கும், செடி கீழே இறங்கும், தண்டின் அடி மண்ணுக்குள் போய் அழுகும். களிமண்ணில் குழியின் பக்கங்கள் மண்வெட்டி பட்டு வழவழப்பாகிவிட்டால் முள்கரண்டியால் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் அந்தச் சுவரைத் துளைக்காமல் குழிக்குள்ளேயே சுற்றும். மர வேர் குறுக்கே வந்தால், கட்டைவிரலைவிடத் தடிமனான வேரை வெட்டாமல் குழியை ஓரடி தள்ளுங்கள்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கிறதா பாருங்கள். சுற்றியிருந்தால் கையால் பிரியுங்கள், பிரியாவிட்டால் கத்தியால் மூன்று நாலு இடத்தில் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழம் கீறுங்கள். தொட்டி மண்ணின் மேல்மட்டம் சுற்றுத் தரையைவிட அரை அங்குலம் உயர்ந்திருக்கும்படி வையுங்கள். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்டும் காம்போஸ்ட் போட்டால் சுற்றியுள்ள களிமண்ணுக்கு நடுவே அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். காம்போஸ்ட் இருந்தால் மேலே ஓர் அங்குலம் பரப்புங்கள், மழையும் மண்புழுவும் அதைக் கீழே கொண்டுபோகும்.

இரண்டு காலன் தண்ணீரை மெதுவாக ஊற்றி மண்ணை அடங்கவிடுங்கள். பிறகு இரண்டு முதல் மூன்று அங்குலம் இலைச்சருகு மூடாக்கு. தண்டைச் சுற்றி மூன்று அங்குலம் காலியாக விடவும். உங்கள் கொல்லையில் உதிர்ந்த ஓக் இலையே போதும், காசு கொடுத்து மல்ச் வாங்க வேண்டியதில்லை. நடவின்போது உரம் வேண்டாம், பிறகும் தேவைப்படாது.

மான்

இந்தச் செடிக்கு மற்ற எல்லாச் சிரமத்தையும் சேர்த்தாலும் மான் கொடுக்கும் சிரமத்துக்கு ஈடாகாது. வெள்ளைவால் மான்கள் மிக விரும்பித் தின்னும் செடிகளில் இது ஒன்று. ஒரு காட்டில் மான் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறதா என்று அறிய, வனத்துறையினர் இந்தச் செடி எவ்வளவு கடிபட்டிருக்கிறது என்று பார்ப்பதுண்டு. காட்டுப் பாதைகளில் முழங்காலுக்குக் கீழேயே நிற்கும் செடிகளைக் காணலாம். அவை இளம் செடிகள் என்று நினைத்துவிடக் கூடாது. பலமுறை கடிபட்டுக் கடிபட்டு மறுபடி தளிர்த்தவை, அதனால் பூக்கும் உயரமே எட்டாதவை. குளிர்காலத்தில் மற்றதெல்லாம் காய்ந்து நிற்கும்போது இதன் பச்சைத் தண்டு மட்டும் தெரியும், ஆகவே அப்போதும் தின்னும்.

மரக்கன்றுக்கு இரண்டு மூன்று வருடம் வேலி போட்டால் மானின் வாய்க்கு எட்டாத உயரம் போய்விடும். இந்தச் செடியின் முழு உயரமே ஆறு அடிதான். அதாவது இது ஒருபோதும் மானைத் தாண்டி வளராது. உங்கள் கொல்லைக்கு மான் வருகிறது என்றால் கூண்டு நிரந்தரம் என்று முடிவு செய்துகொண்டு நல்லதாகவே போடுங்கள். நட்ட அன்றே போட வேண்டும். சனிக்கிழமை நட்டு அடுத்த வார இறுதியில் கூண்டு என்று தள்ளிவைத்தால் நடுவில் வெறும் குச்சிதான் மிஞ்சும்.

ஒரு செடிக்குத் தேவையானவை: ஐந்தடி உயர வெல்டட் வயர் வலை, கண் அளவு 2 × 4 அங்குலம், கம்பித் தடிமன் 14 கேஜ், 13 அடி நீளம். வளைத்தால் நாலடி விட்டமுள்ள வட்டம் வரும், அரையடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஐம்பதடிச் சுருள் வாங்கினால் மூன்று கூண்டு போட்டு 11 அடி மிஞ்சும். மூன்று யு-போஸ்ட் கம்பங்கள், ஆறடி நீளம். ஒன்றரை அடி மண்ணுக்குள் அடியுங்கள். வெயிலைத் தாங்கும் கறுப்பு ஜிப் டை ஒரு கம்பத்துக்கு நாலு. தரையில் வலையைப் பிடித்துவைக்க ஆறு யு-வடிவ ஊசிகள்.

வலையை வெட்டும்போது குறுக்குக் கம்பியை ஒட்டி வெட்டாமல் இரண்டு கட்டத்துக்கு நடுவே வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மறுபக்கக் கட்டத்தில் மடக்கிவிட்டால் அதுவே கதவாகிவிடும், களை பிடுங்கவும் கிளை வெட்டவும் பிரித்துத் திறக்கலாம். வெட்டிய முனை கையைக் கிழிக்கும், தடித்த கையுறை அவசியம். மான் ஐந்தடி வேலியைத் தாண்டாதா என்று கேட்கலாம். தாண்டும். ஆனால் நாலடி அகலக் கூண்டுக்குள் குதிக்காது, இறங்க இடமில்லை என்று அதற்குத் தெரியும். மூன்று செடிகளையும் ஒரே பெரிய வட்டத்தில் அடைக்க நினைத்தால் இந்தக் கணக்கு மாறும். அப்போது ஏழெட்டு அடி உயரம் வேண்டும். அதனால் தனித்தனிக் கூண்டே செலவு குறைவு.

கூண்டுக்கு வெளியே நீளும் கிளையை மான் வரிசையாகக் கத்தரித்துவிடும். அந்தக் கிளைகளை உள்ளே மடக்கிவிடுங்கள். முயல் தொல்லை இருந்தால் அடி இரண்டடிக்கு ஓர் அங்குலக் கோழிவலையைச் சுற்றிக் கட்டுங்கள், 2 × 4 கட்டத்தில் முயல்குட்டி புகுந்துவிடும். யார் தின்றது என்று தெரியவேண்டுமானால் வெட்டுவாயைப் பாருங்கள். மானுக்கு மேல்வரிசை முன்பற்கள் இல்லாததால் இழுத்துப் பிய்க்கும், நுனி நாராகத் தொங்கும். முயல் கடித்தது கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும்.

முட்டை கலந்த மான்விரட்டித் தெளிப்பான்கள் கடைகளில் கிடைக்கும். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பெருமழைக்குப் பிறகு, புதுத்தளிர் வந்த பிறகு என்று மறுபடி மறுபடி அடிக்க வேண்டும். ஒரு முறை தவறினால் போதும். கூண்டு வரும்வரை சமாளிக்க உதவும், கூண்டுக்குப் பதிலாகாது. கம்பிக்கூண்டை ஹெச்.ஓ.ஏ. என்ற வீட்டுக்காரர்கள் சங்கம் ஆட்சேபிக்கும் இடங்களில் முன்வாசலை விட்டுவிட்டுக் கொல்லையில் நடுங்கள். கறுப்புப் பூச்சு கொடுத்த வலை நிழலில் பத்தடிக்கு அப்பால் கண்ணுக்கே தெரியாது.

தண்ணீர், களை, வெட்டு

முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு காலன். தினமும் கொஞ்சம் தெளிப்பது வேரை மேலாகவே நிறுத்திவிடும். இரண்டாம் கோடையில் வாரம் ஒரு தடவை. பெரிய மரத்தடியில் மண் நாம் நினைப்பதைவிட வேகமாகக் காயும், மரமே உறிஞ்சிவிடும். விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து ஈரம் இல்லாவிட்டால் ஊற்றுங்கள். மூன்றாம் வருடம் முதல் நீண்ட வறட்சி வந்தால் மட்டும் போதும்.

புல்வெளிக்குப் போடும் களைக்கொல்லி கலந்த உரத்தை இதன் வேர்ப்பக்கம் தூவக்கூடாது. இலை சுருண்டு, கோணலாகி, அந்த வருடக் காய் போய்விடும். கூண்டுக்கு வெளியே இரண்டடிவரை மூடாக்கு போட்டு அந்த வட்டத்தைப் புல்லிலிருந்து பிரித்துவிடுவது நல்லது.

கத்தரிப்பு பிப்ரவரி அல்லது மார்ச் தொடக்கத்தில், தளிர் வருமுன். மிகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒன்றைத் தரையோடு வெட்டினால் புதுத்தண்டு எழும்பும், புதர் அடர்த்தியாகும். ஹெட்ஜ்போல மேலே சமமாகச் சீவக்கூடாது, இதன் இயல்பான வடிவத்தையும் பூவையும் சேர்த்து இழப்பீர்கள். மான் தின்று தீர்த்த செடியாக இருந்தாலும் பிடுங்கி எறிய வேண்டாம். தரையிலிருந்து ஆறு அங்குலம் விட்டு வெட்டி, கூண்டு போட்டுப் பாருங்கள். வேர் உயிரோடு இருந்தால் அந்த வசந்தத்திலேயே தளிர்க்கும்.

பூச்சி

கவனிக்க வேண்டியது யுயோனிமஸ் ஸ்கேல் என்ற செதில்பூச்சி. இலையில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். இலையின் அடியில் அரிசி நொறுங்கு அளவு வெள்ளைத் துணுக்குகள் இருந்தால் அவை ஆண் பூச்சிகள். பெண் பூச்சி பழுப்பு நிறத்தில் சிப்பி வடிவில் தண்டோடு ஒட்டியிருக்கும். ஆசிய யுயோனிமஸ் அளவுக்கு இதில் மோசமாக வராது, ஆனால் பக்கத்து வீட்டில் அவை இருந்தால் வந்து சேரும். மோசமான தண்டுகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், காம்போஸ்டில் வேண்டாம். குளிர்காலக் கடைசியில் ஹார்ட்டிகல்ச்சரல் ஆயில் என்ற தோட்டக்கலை எண்ணெயை லேபிளில் சொன்ன அளவில், பொதுவாக நூற்றுக்கு இரண்டு பங்கு, தண்டு முழுக்க நனையும்படி தெளிக்கலாம். முட்டையிலிருந்து வெளிவந்து ஊரும் குஞ்சுகள் மே, ஜூனில் வரும். மூடு ஓடு இல்லாத அந்தச் சமயத்தில்தான் எண்ணெய் நன்றாக வேலை செய்யும். தண்டில் இரட்டைப்பக்க டேப் ஒன்றைச் சுற்றிவைத்தால் ஆரஞ்சுப் பொடிபோல் ஒட்டியிருப்பதை வைத்து நாளைக் கண்டுபிடிக்கலாம்.

வசந்தத்தில் சிலந்திவலை போன்ற கூட்டுக்குள் புழுக்கள் கூட்டமாக இலை தின்பதைப் பார்த்தால் பதற வேண்டாம். அமெரிக்க எர்மைன் மாத் என்ற சிறு அந்துப்பூச்சியின் புழுக்கள் அவை. இதையும் இதன் உறவுச் செடிகளையும் நம்பி வாழ்பவை. செடி மறுபடி தளிர்த்துவிடும். அவற்றுக்கு மருந்து அடிக்கக்கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. நேட்டிவ் செடி நடுவதன் பயனில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

செடி பெருக்குவது

விதையிலிருந்து வளர்க்கப் பொறுமை வேண்டும். காய் வெடித்ததும், பறவைக்கு முன்னால், கையுறை போட்டு விதைகளைப் பறியுங்கள். சல்லடையில் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்து ஆரஞ்சுச் சதையை முழுதும் நீக்க வேண்டும். சதை இருந்தால் பூஞ்சை பிடிக்கும், முளைப்பதும் தள்ளிப்போகும். இந்த விதைக்கு முதலில் வெதுவெதுப்பு, பிறகு குளிர் என்று இரண்டு கட்டமும் தேவை. ஈர மணலில் கலந்து ஜிப் பையில் போட்டு, அறை வெப்பத்தில் மூன்று மாதம், பிறகு ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் வைத்து ஏப்ரலில் விதைக்கலாம். மணலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. பையில் நச்சு விதை என்று எழுதி ஒட்டி, சாப்பாட்டுப் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். இந்த வேலையே வேண்டாம் என்றால் தொட்டியில் அரை அங்குல ஆழத்தில் விதைத்து, அணில் கிளறாமல் மேலே வலை கட்டி, வெளியே நிழலில் வைத்துவிடுங்கள். முதல் வசந்தத்தில் ஒன்றும் வராது, தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாம் வசந்தத்தில் முளைக்கும்.

தண்டு வெட்டி நடுவது வேகமான வழி. ஜூன் கடைசியில், வளைத்தால் ஒடியாமல் கொஞ்சம் விறைப்பாக நிற்கும் இந்த வருடத் தண்டில் ஐந்து அங்குலம் எடுங்கள். நுனியில் ஒரு ஜோடி இலை மட்டும் விட்டு, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, வேர் ஹார்மோன் பொடியில் தொட்டு, பாதி பீட், பாதி பெர்லைட் கலவையில் இரண்டு கணு உள்ளே போகும்படி செருகுங்கள். மேலே தெளிவான பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில், மெல்ல இழுத்தால் வர மறுக்கும். அப்போது பையை ஒரே நாளில் எடுக்காமல் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டுப் பழக்குங்கள். இலை கறுத்தால் ஈரம் அதிகம், சுருண்டால் பைக்குள் ஈரம் போதவில்லை.

இவை எல்லாவற்றையும்விடச் சுலபம், செடியே செய்து வைத்திருப்பதை எடுத்துக்கொள்வது. தரையைத் தொடும் தண்டுகள் கணுவில் தானாக வேர் விடும், அடியிலிருந்து பக்கக்கன்றுகளும் எழும்பும். மார்ச் தொடக்கத்தில் வேர்விட்ட தண்டைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டி, சுற்றிலும் ஆறு அங்குல மண்ணோடு மண்வெட்டியால் பெயர்த்து, மேலே பாதி உயரம் குறைத்து நடுங்கள். நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், முதல் சுருளில் மிஞ்சிய 11 அடி வலையையும் கூடவே கொடுத்துவிடுங்கள்; மூன்றரை அடி விட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும்.